திறந்த வாசலும் ஏற்ற பொறுப்பும்

கல்வியைக் கொடுப்பதில் இருவகை அநீதி உண்டு என்பது அறபு நூல்களை ஓதியோர் நெடுங்காலமாகப் பேசி வரும் செய்தி. தகுதியற்றவனிடம் கல்வியை ஒப்படைப்பது கல்விக்கு இழைக்கும் அநீதி. தகுதியுடையவனுக்கு அதனைக் கொடாது மறுப்பது அவனுக்கு இழைக்கும் அநீதி. கேட்பதற்கு இது நேரான தராசைப் போலவே தோன்றும். ஆயின், அத்தராசைக் கையில் எடுத்தவுடனே ஒரு கேள்வி பிறக்கின்றது. இன்னான் தகுதியுடையவன், இன்னான் தகுதியற்றவன் என்று, கற்பிக்கத் தொடங்கும் முன்னரே தீர்ப்புரைக்க வல்லவர் யார்? நீந்தத் தெரிந்தவனை மட்டுமே நீரில் இறக்குவேன் என்பவன் எவருக்குத்தான் நீச்சல் கற்பிக்கப் போகின்றான்?

சரி, தகுதி பார்ப்பதை விட்டுவிடுவோம், வருவோர் அனைவரும் வருக என்று வாசலை அகலத் திறந்து வைப்போம் என்றால், அதனோடு சிக்கல் தீர்ந்துவிடுகின்றதா? இல்லை. இரண்டாவது கேள்வி அங்கேதான் தொடங்குகின்றது. உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் பாதி வழியிலேயே திரும்பிச் செல்வார்களாயின், வாசலைத் திறந்தவர் அதற்குப் பொறுப்பாளர் ஆவாரா, ஆகாரா? "நாம் அழைத்தோம்; அவர்களால் இயலவில்லை" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்ள முடியுமா?

இவ்விரு கேள்விகளையும் ஏட்டுச் சுரைக்காயாக விட்டுவிடாமல், நடைமுறையில் வைத்து ஆராய்வதற்கு ஏற்ற களம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டில் ஆயிரம் என்னும் எண்ணிக்கையைச் சூழ்ந்து நிற்கும் சமுதாயக் கல்லூரிகளே அவை. அவற்றின் கதையில் நமக்கு வேண்டிய பாடம் மிகுதியாக இருப்பதால், அதனை ஈண்டு சற்று விரிவாகக் காண்போம்.

பெயரும் பிறப்பும்

சமுதாயக் கல்லூரி என்றவுடன் நம் வாசகர்களுக்கு வேறொரு நினைவு எழுதல் இயல்பே. சமுதாயம் என்றால் நம் சமுதாயம் என்றே பொருள் கொண்டு பழகியவர்கள் நாம். 1919இல் வாணியம்பாடியில் தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரி, 1951இல் சென்னையில் எழுந்த புதுக்கல்லூரி, அதே ஆண்டில் திருச்சியில் எழுந்த ஜமால் முகமது கல்லூரி ஆகியவை நம் கண்முன் வந்து நிற்கும். ஈகையுள்ளம் படைத்த செல்வர்களின் பொருளால் எழுந்த கலாசாலைகள் அவை. அமெரிக்கர் சொல்லும் சமுதாயம் அதுவன்று. ஓர் ஊரும் அதனைச் சூழ்ந்த பகுதியும் சேர்ந்த மக்கள் தொகுதியையே அவர்கள் அச்சொல்லால் குறிக்கின்றனர். அப்பகுதியில் வாழும் எவரும், எந்த வயதினரும், தம் வீட்டிலிருந்து போய்வரும் தொலைவில், குறைந்த கட்டணத்தில் பயிலும் ஈராண்டுக் கல்லூரியே சமுதாயக் கல்லூரி எனப்படுவது.

அதன் தொடக்கம் மிகச் சிறியது. 1901ஆம் ஆண்டு, சிகாகோ நகருக்கு அண்மையிலுள்ள ஜோலியட் என்னும் ஊரில், உயர்நிலைப் பள்ளியின் மேலாளர் ஸ்டான்லி பிரவுன், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பருடன் கலந்து, பள்ளியை முடித்த பிள்ளைகள் ஊரைவிட்டு அகலாமலே பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டாண்டுப் பாடங்களைக் கற்பதற்கு வழி செய்தார். முதலில் வந்து சேர்ந்தவர்கள் அறுவர். அந்த அறுவரோடு தொடங்கிய கல்லூரி இன்றளவும் நடைபெற்று வருகின்றது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் இலட்சக்கணக்கில் நாடு திரும்பி, அரசின் உதவியோடு படிக்க வந்தபோது, கல்விச்சாலைகள் பெருக வேண்டிய தேவை எழுந்தது. அதிபர் ட்ரூமன் அமைத்த ஆணைக்குழு 1947ஆம் ஆண்டு அளித்த அறிக்கை, பள்ளிக் கல்விக்கு மேலும் இரண்டாண்டுக் கல்வி கட்டணமின்றி அனைவர்க்கும் கிட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தது. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் நாடு முழுவதும் பரவுதற்கும் அவ்வறிக்கையே காரணமாயிற்று. 1960களில் வாரத்திற்கு ஒன்று என்று சொல்லத்தக்க வேகத்தில் இக்கல்லூரிகள் புதிது புதிதாகத் தோன்றின.

1960ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலம் வகுத்த பெருந்திட்டம் இதில் குறிப்பிடத் தக்கது. பள்ளியிறுதி மாணவர்களில் முதல் பன்னிரண்டரை விழுக்காட்டினர்க்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், முதல் மூன்றிலொரு பங்கினர்க்கு மாநிலக் கல்லூரிகள், பயன்பெறத்தக்க ஏனைய அனைவர்க்கும் சமுதாயக் கல்லூரிகள் என்று அத்திட்டம் மூன்று படிகளை அமைத்தது. கீழ்ப்படியில் தொடங்கினாலும், இரண்டாண்டுகளை நன்கு முடித்தவர் மேற்படிக்கு மாறிச் செல்லலாம் என்பது அதன் உயிர்நாடி. எவரையும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பாத ஏற்பாடு. அதே வேளையில் உச்சியின் தரத்தையும் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. முன்னே சொன்ன இருவகை அநீதிகளையும் ஒருங்கே தவிர்ப்பதற்கு மனிதர் வகுத்த திட்டங்களில் இது ஒன்று எனல் மிகையாகாது.

உள்ளே நடப்பது

இக்கல்லூரிகளின் பாடத்திட்டத்தை நோக்கினால் மூன்று வகையாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, பல்கலைக்கழகத்திற்கு மாறிச் செல்வதற்குரிய பொதுப்படிப்பு. ஆங்கிலக் கட்டுரை வரைதல், கணிதம், வரலாறு, உயிரியல், உளவியல் போன்றவற்றில் ஏறத்தாழ அறுபது மதிப்பலகுகளை முடித்தால் அசோசியேட் பட்டம் கிட்டும். இரண்டாவது, தொழிற்படிப்பு. செவிலியம், பற்சுகாதாரம், கதிர்ப்படம் எடுத்தல், மோட்டார் வாகனப் பழுது பார்த்தல், வெல்டிங், கணக்கியல், மழலையர் கல்வி, சமையற்கலை, தீயணைப்பு என்று அப்பகுதியின் தேவைக்கேற்ப அது விரியும். சில மாதங்களில் சான்றிதழ் பெறும் படிப்பும் உண்டு. இரண்டாண்டுப் படிப்பும் உண்டு. மூன்றாவது, விட்ட குறையை நிறைவு செய்யும் கல்வி. பள்ளியை முடிக்காதவர்க்குப் பள்ளியிறுதிக்கு நிகரான தேர்வுக்குரிய பயிற்சி, குடியேறி வந்தோர்க்கு ஆங்கில மொழிப் பயிற்சி, கணக்கிலும் எழுத்திலும் பின்தங்கியோர்க்கு முன்னாயத்த வகுப்புகள் என்பன இதில் அடங்கும்.

செவிலியப் படிப்பைச் சற்று நின்று நோக்குதல் தகும். 1952ஆம் ஆண்டு, மில்ட்ரட் மான்டாக் என்னும் செவிலியக் கல்வியாளரின் திட்டப்படி, ஈராண்டுக் கல்லூரிகளில் செவிலியரைப் பயிற்றும் முயற்சி தொடங்கிற்று. அங்குப் பயின்றவரும், நான்காண்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்றவரும் உரிமம் பெறுதற்கு எழுத வேண்டிய தேர்வு ஒன்றே. நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கும் செவிலி எவ்வாசல் வழியாக வந்தார் என்று அத்தேர்வு கேட்பதில்லை. அவருக்கு என்ன தெரியும் என்று மட்டுமே கேட்கின்றது. இடங்கள் குறைவாதலின், இப்படிப்பில் சேர்வதற்கு முன்பாடங்களில் நல்ல தேர்ச்சியும் எதிர்பார்க்கப்படுகின்றது.

இதனை நாம் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாசலைத் திறந்தால் தரம் தாழும் என்பது எங்கும் எழும் அச்சம். ஆனால் நுழைவாயில் வேறு, வெளிவாயில் வேறு. நுழைவாயில் அகலமாக இருக்கலாம். வெளிவாயில் அதற்குரிய அளவில் குறுகி இருக்கலாம். அவ்விரண்டுக்கும் நடுவே நடைபெறுவதுதான் கல்வி. நுழைவாயிலிலேயே வடிகட்டிவிட்டு, வந்தவர்களெல்லாம் சிறந்து விளங்குகின்றனர் என்று பெருமை பேசும் கல்விச்சாலை, தான் என்ன கற்பித்தது என்பதை இன்னும் மெய்ப்பிக்கவில்லை.

இனி, பயில வருவோரைப் பார்ப்போம். பள்ளியில் பயின்றுகொண்டே கல்லூரிப் பாடத்தையும் கற்கும் பதினாறு வயதுப் பிள்ளையும், இரவு வேலை முடித்துக் காலை வகுப்புக்கு வரும் தொழிலாளியும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாயும், வேலை இழந்து புதுத் தொழில் கற்க வரும் ஐம்பது வயதினரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பர். நம் மத்ரஸாக்களில் ஓதியவர்களுக்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது. வயதைக் கொண்டன்றி, ஓதி முடித்த கிதாபைக் கொண்டு இடம் அமையும் அவ்வவையில், மீசை அரும்பாத சிறுவனும் பிள்ளை பெற்ற தந்தையும் தோளோடு தோள் அமர்ந்து ஓதுவது வழக்கமன்றோ?

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. மத்ரஸாவில் ஓதும் மாணவனுக்கு உணவும் உறையுளும் ஊராரின் பொறுப்பு. உஸ்தாதும் அங்கேயே தங்கியிருப்பார். சமுதாயக் கல்லூரி மாணவரோ பெரும்பாலும் பகுதிநேர மாணவர். வாடகை, உணவு, பேருந்துச் செலவு யாவும் அவர் தலைமேல். ஆண்டுக் கட்டணம் சராசரியாகச் சுமார் 4,000 டாலர்; அரசுப் பல்கலைக்கழகங்களில் இது 11,000 டாலருக்கு மேல். கட்டணம் குறைவுதான். ஆயினும் வாழ்க்கைச் செலவு குறைவதில்லையே! கற்பிப்போரிலும் பெரும்பகுதியினர் பகுதிநேர ஆசிரியர்கள். ஒரு கல்லூரியில் காலை வகுப்பை முடித்துக்கொண்டு மற்றொரு கல்லூரியின் மாலை வகுப்புக்கு விரையும் ஆசிரியரிடம், மாணவர் தம் ஐயத்தை எப்போது கேட்பது? எங்கே கேட்பது?

எண்ணமும் எட்டியதும்

இப்போது நம் கேள்வியின் நடுவிடத்துக்கு வந்துவிட்டோம். சமுதாயக் கல்லூரியில் சேர்வோரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர், நான்காண்டுப் பட்டம் பெறுவதே தம் நோக்கம் என்று சொல்கின்றனர். அவர்களுள் பல்கலைக்கழகத்திற்கு மாறிச் செல்வோர் மூன்றிலொரு பங்கினர் அளவே. ஆறாண்டுகளுக்குள் அப்பட்டத்தை எட்டுவோர் சேர்ந்தோரில் சுமார் 16 விழுக்காட்டினர் என்று அண்மைக் கணக்குகள் காட்டுகின்றன.

இக்கணக்கை நேர்மையோடு படித்தல் வேண்டும். பட்டம் பெறாதோர் அனைவரும் தோற்றவர் அல்லர். ஒரு சான்றிதழோடு நல்ல வேலைக்குச் சென்றவர் உண்டு. தமக்கு வேண்டிய இரண்டு பாடங்களைக் கற்றுக்கொண்டு மனநிறைவோடு சென்றவரும் உண்டு. ஆனால், நூறு பேரில் எண்பது பேர் ஓர் ஊரை நோக்கிப் பயணம் புறப்பட்டு, பதினாறு பேரே போய்ச் சேர்ந்தனர் என்றால், அந்தப் பாதையைப் பற்றி நாம் ஒன்றும் கேளாமல் இருக்கலாகுமா? பயணிகளின் கால்கள் வலுவற்றவை என்று மட்டும் சொல்லி அமையலாகுமா?

மென்மையான மறுப்பு

இதனை அறுபதாண்டுகளுக்கு முன்னரே கூர்ந்து நோக்கிய அறிஞர் ஒருவர் உண்டு. பர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியலாளர் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்து ஈராண்டுக் கல்லூரியை ஆராய்ந்து 1960ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். எல்லோரும் முன்னேறலாம் என்று சமூகம் எல்லோருக்கும் ஆசை காட்டுகின்றது. ஆனால் மேலே உள்ள இடங்களோ சிலவே. இவ்விரண்டுக்கும் இடையே எழும் ஏமாற்றத்தை மெல்ல மெல்ல ஆற்றிவிடும் பணியைத்தான் இக்கல்லூரி ஓசையின்றிச் செய்கின்றது என்றார் அவர். சேர்வதற்கு முன் ஒரு தேர்வு. பின்னர் ஆலோசகருடன் பேச்சு. பின்னர் தன்னை அறிதற்கான ஒரு வகுப்பு. பின்னர் எச்சரிக்கைக் கடிதங்கள். இப்படிப் படிப்படியாக, பொறியாளராக வேண்டும் என்று வந்தவர், தாமே விரும்பி முடிவு செய்ததுபோல, அதனினும் குறைந்த ஒன்றுக்கு மாறிவிடுகின்றார். எவரும் அவரை "போ" என்று சொல்லவில்லை. ஆனாலும் அவர் போய்விட்டார்.

இதற்கு அவர் சூட்டிய பெயர் வியப்புக்குரியது. சூடு தணித்தல் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். அப்பெயரை அவர் எர்விங் கோஃப்மன் என்பவர் 1952இல் எழுதிய கட்டுரையிலிருந்து பெற்றார். மோசடிக்காரர் கூட்டம் ஒருவரிடம் பணத்தைப் பறித்த பின், அவர் காவலரிடம் ஓடிவிடாதபடி, தம்முள் ஒருவரை அவருக்குத் துணையாக விட்டுச் செல்வதுண்டாம். "நடந்தது நடந்துவிட்டது, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்று இதமாகப் பேசி, இழந்தவரின் சினத்தைத் தணிப்பது அம்மனிதனின் வேலை. கோஃப்மன் அதைக்கொண்டே மனிதர் தோல்வியை ஏற்றுக்கொள்ளும் விதத்தை ஆராய்ந்தார்.

கிளார்க் கல்லூரிகளை மோசடிக்காரர் என்று பழித்தார் அல்லர். வாசலிலேயே கடுமையாக மறுத்துத் துரத்துவதைக் காட்டிலும், உள்ளே வரவிட்டு, முயலவிட்டு, மாற்று வழி காட்டி அனுப்புவது மேல் என்றே பிற்காலத்திலும் வாதிட்டார். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. எல்லா ஆசையும் நிறைவேறும் என்று எவரும் உறுதி கூற முடியாது. தச்சு வேலையில் கைத்திறன் உள்ள பிள்ளையைப் பிடித்து மருத்துவப் படிப்பில் தள்ளி, அவன் வாழ்வைக் கருக்கிவிடும் பெற்றோரும் உலகில் உண்டல்லவா? அப்படிப்பட்ட பிள்ளைக்கு, "உன் வழி இதுவன்று, அது" என்று காட்டும் ஆசிரியர் அவனுக்கு நன்மையே செய்கின்றார்.

அங்ஙனமாயின், நல்ல அறிவுரைக்கும் சூடு தணித்தலுக்கும் வேற்றுமை யாது? அறபு மொழியில் அறிவுரைக்கு நஸீஹத் என்று பெயர். அச்சொல்லின் வேரை ஆராய்ந்த மொழியறிஞர் இரண்டு பொருள்களைக் காட்டுவர். தேனை மெழுகினின்று பிரித்துத் தூய்மையாக்குதல் ஒன்று. கிழிந்த துணியைத் தைத்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் உரைகல்லாகக் கொள்ளலாம். அறிவுரை சொல்பவரின் சொல்லில் அவருடைய நலன் என்னும் மெழுகு கலந்திருக்கலாகாது. இம்மாணவன் விலகினால் வகுப்பு இலேசாகும், செலவு குறையும், தேர்ச்சிக் கணக்கு உயரும் என்னும் எண்ணம் ஒரு துளி இருந்தாலும் அந்த அறிவுரை நஸீஹத் ஆகாது. அன்றியும், அறிவுரை கிழிந்ததைத் தைக்க வேண்டும். கணக்குத் தெரியவில்லை என்றால், கணக்கைக் கற்பித்துப் பார்த்த பின்னரே வேறு வழியைக் காட்ட வேண்டும். ஊசியை எடுக்காமலே, "இத்துணி தைப்பதற்கு உதவாது" என்பவர் தையற்காரர் அல்லர்.

இடம் அறிந்து வைத்தல்

அநீதி என்பதற்கு அறபு அகராதிகள் கூறும் இலக்கணம் ஆழ்ந்த பொருளுடையது. ஒரு பொருளை அதற்குரிய இடமல்லாத இடத்தில் வைத்தலே ளுல்ம் என்பது அவற்றின் விளக்கம். அப்படியாயின், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தலே நீதி. கேட்டவுடன் இது மூவகைக் கல்லூரிகளுக்கும் சான்றாக நிற்பது போலத் தோன்றும். ஆனால் இவ்விலக்கணம் நம்மேல் சுமத்தும் சுமை பெரிது. இடம் தவறி வைத்தால் அநீதி என்றால், வைப்பதற்கு முன் இடத்தை அறிந்தாக வேண்டுமே! எதைக்கொண்டு அறிவது?

அமெரிக்கக் கல்லூரிகள் நெடுங்காலம் ஒரு சிறு தேர்வைக்கொண்டு அதனை அறிந்துவிட்டதாக நம்பின. சேர வந்தவரை ஒரு கணினியின் முன் அமர்த்தி, கணக்கிலும் வாசிப்பிலும் சில கேள்விகளைக் கேட்டு, இவர் கல்லூரிப் பாடத்திற்கு ஏற்றவர், இவர் முன்னாயத்த வகுப்புக்கு உரியவர் என்று பிரித்தன. முன்னாயத்த வகுப்புக்கும் கட்டணம் உண்டு. ஆனால் அது பட்டத்திற்குரிய மதிப்பலகில் சேராது. சிலருக்கு அது இரண்டு மூன்று பருவங்கள் நீண்டது. அந்நீண்ட நடையைக் கடந்து உண்மையான பாடத்தின் வாசலை எட்டுமுன்னரே பலர் களைத்துத் திரும்பினர்.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் ஜூடித் ஸ்காட் கிளேட்டன் 2012இல் வெளியிட்ட ஆய்வு இத்தேர்வின் மறுபக்கத்தைக் காட்டியது. ஆங்கிலத்தில் மூவரில் ஒருவரும், கணிதத்தில் நால்வரில் ஒருவரும் பெரிதும் தவறான இடத்தில் அமர்த்தப்படுவதாக அவர் கணக்கிட்டார். தவறு இருபுறமும் நிகழ்ந்தது எனினும், கல்லூரிப் பாடத்தில் வெல்லக்கூடியவரை முன்னாயத்த வகுப்பில் அடைத்ததே மிகுதி. பள்ளியில் நான்காண்டுகள் பெற்ற மதிப்பெண்கள், அந்த ஒரு மணிநேரத் தேர்வைவிட நம்பத்தக்கவையாக இருந்தன. கலிபோர்னியா மாநிலம் 2017இல் ஒரு சட்டம் இயற்றி, பள்ளி மதிப்பெண்களைக் கருத்திற்கொண்டு, மாணவர் ஓராண்டுக்குள் பல்கலைக்கழகம் ஏற்கும் ஆங்கில, கணிதப் பாடங்களை முடிக்க வழி செய்யுமாறு கல்லூரிகளைப் பணித்தது. அதன்பின் அப்பாடங்களை ஓராண்டில் முடிப்போர் தொகை வெகுவாக உயர்ந்தது. முதல் முயற்சியில் தோற்றவர்களும் கணிசமாக உண்டு என்பதையும் மறைக்கலாகாது. நேரே வகுப்பில் அமர்த்தியதோடு நில்லாமல், பக்கத்தில் நின்று உதவவும் வேண்டும் என்பதையே அத்தோல்விகள் உணர்த்துகின்றன.

இதில் நாம் கற்கும் உண்மை ஒன்று உண்டு. மனிதனின் இடம் ஒரு கணத்தில் அளந்து அறியப்படுவதன்று. மத்ரஸாக்களில் பல தலைமுறையாக ஓதப்பட்டு வரும் ‘தஃலீமுல் முதஅல்லிம்’ என்னும் நூலில் இமாம் சர்னூஜி, தொடக்க மாணவனுக்கு இருமுறை திருப்பிச் சொன்னால் மனத்தில் நிற்கும் அளவே பாடம் கொடுத்து, பின்னர் சிறுகச் சிறுகக் கூட்டிச் செல்லும் முறையை எடுத்துரைக்கின்றார். எண்ணூறு ஆண்டுகள் கடந்த அம்முறையில் மாணவனை அளக்கும் கோல் எது? கற்பித்தலே அளவுகோல். கொடுத்துப் பார்த்து, நின்றதை அறிந்து, மேலும் கொடுத்தல். அளந்து முடித்த பின் கற்பிப்பதன்று, கற்பித்துக்கொண்டே அளப்பது. இதற்கு ஆசிரியர் அருகில் இருந்தாக வேண்டும் என்பதே இதன் விலை.

பொறுப்பின் விலை

அவ்விலையைக் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007ஆம் ஆண்டு தன் சமுதாயக் கல்லூரிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேர்ந்தவர் முழுநேரம் பயில வேண்டும். அதற்கு ஈடாகக் கட்டணத்தில் எஞ்சியது தள்ளுபடி செய்யப்படும். பாடநூல்களுக்கு உதவி கிட்டும். பேருந்துக்கும் இரயிலுக்கும் பயணச்சீட்டு இலவசம். ஒவ்வொரு மாணவர்க்கும் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் ஆலோசகர் உண்டு. முன்னாயத்த வகுப்பு தேவைப்பட்ட எளிய குடும்பத்து மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தபோது, மூன்றாண்டுகளில் திட்டத்தில் இருந்தோரில் 40 விழுக்காட்டினர் பட்டம் பெற்றனர். இல்லாதோரில் 22 விழுக்காட்டினரே பெற்றனர். ஒஹையோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகளில் இதனைப் பின்பற்றியபோதும் ஏறத்தாழ அதே பலன் கிட்டியது.

மாணவர்கள் அதே மாணவர்கள். அவர்களின் அறிவும் உழைப்பும் குலுக்கலில் மாறிவிடவில்லை. மாறியது அவர்களைச் சுற்றி நின்ற ஏற்பாடு. பேருந்துச் சீட்டு இல்லாமையால் வகுப்பைத் தவறவிட்டவனை நாம் இதுகாறும் சோம்பேறி என்று எண்ணியிருந்தோம் என்றால், நம் தீர்ப்பில் எத்துணை அநீதி கலந்திருந்தது! செலவு கூடுமே என்று கேட்பார் உண்டு. ஆம், ஒரு மாணவர்க்கான செலவு நியூயார்க்கில் மிகவே கூடியது. ஆனால் பட்டம் பெற்று வெளிவந்தோர் தொகையால் வகுத்துப் பார்த்தபோது, ஒரு பட்டத்திற்கான செலவு குறைந்தே இருந்தது. பாதிவழியில் திரும்பியோர்க்குச் செலவிட்ட பொருளும் பொருள்தானே!

மாணவனுக்குப் பொறுப்பில்லையா என்று கேட்பின், உண்டு. அத்திட்டமே முழுநேர உழைப்பை அவனிடம் கேட்டது. வகுப்புக்கு வருதல், ஐயத்தை வெட்கமின்றிக் கேட்டல், தோற்றபின் எழுதல் ஆகியவை அவனுக்கு மட்டுமே உரியவை. அவற்றை எவரும் அவனுக்காகச் செய்ய இயலாது. ஆயினும் பொறுப்பில் முன்பின் உண்டு. விருந்துக்கு அழைத்தவன் முதலில் உணவைச் சமைத்து வைக்க வேண்டும். அதன்பின்னரே, "ஏன் உண்ணவில்லை?" என்று விருந்தினனைக் கேட்கும் உரிமை அவனுக்கு வரும். அழைப்பு என்பது ஒரு வாக்கு. வாக்கு என்பது அமானத். வாசலைத் திறந்தவன், உள்ளே வந்தவனின் காலத்தையும் நம்பிக்கையையும் தன் கையில் அமானத்தாகப் பெற்றுக்கொள்கின்றான். அவன் வெளியேறும்போது அதற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவனாகின்றான்.

நமக்குரியது

இது கடல் கடந்த நாட்டின் கதை மட்டுமன்று. நம் நாட்டில் 1995ஆம் ஆண்டு புதுவைப் பல்கலைக்கழகமும், 1996ஆம் ஆண்டு சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. பள்ளியைப் பாதியில் விட்டவர்க்கும் எளிய வீட்டுப் பெண்களுக்கும் கைத்தொழிலும் வாழ்க்கைத் திறனும் கற்பிப்பது அவற்றின் நோக்கமாயிற்று. பின்னர் அம்முறை நாட்டின் பிற பகுதிகளிலும் பரவியது. அமெரிக்காவில் குடியேறி வாழும் நம் குடும்பங்களிலும், பிள்ளையைப் பெரிய பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதா, வீட்டருகே உள்ள சமுதாயக் கல்லூரியில் சேர்ப்பதா என்னும் பேச்சு எழுவதுண்டு. அது தாழ்ந்த இடம் என்று கருதி வெட்கப்படுவோரும் உளர். அவர்கள் கேட்க வேண்டியது கல்லூரியின் பெயரை அன்று. அங்கே ஆலோசகர் எத்துணை மாணவர்க்கு ஒருவர்? மாறிச் செல்லும் பல்கலைக்கழகம் எப்பாடங்களை ஏற்கும்? சேர்ந்தோரில் எத்தனை பேர் எட்ட வேண்டியதை எட்டினர்? இம்மூன்றையும் கேட்டறிந்தபின் எந்த முடிவுக்கு வந்தாலும் அது அறிவார்ந்த முடிவாகும்.

அதற்கும் மேலாக, ஒவ்வொரு வீடும் ஒரு சிறு கல்லூரியே அன்றோ? நம் இல்லங்களில் நாம் ஓசையின்றி நடத்தும் தரம்பிரிக்கும் தேர்வுகள் எத்தனை! ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தவுடன், "இவனுக்குப் படிப்பு வராது, கடையில் உட்காரட்டும்" என்கின்றோம். பெண்பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்தவுடன், "இது போதும்" என்று இதமாகச் சொல்லி அவளுடைய ஆசையின் சூட்டைத் தணித்துவிடுகின்றோம். அவளும், அது தன் விருப்பமே என்று நாளடைவில் நம்பத் தொடங்கிவிடுகின்றாள். கடையும் நல்ல தொழிலே, இல்லறமும் மேன்மையானதே. அவை அப்பிள்ளையின் உண்மையான இடமாக இருக்கவும் கூடும். ஆனால் கற்பித்துப் பார்த்து அறிந்தோமா, அல்லது நம் வசதிக்காக அங்கே வைத்தோமா என்பதுதான் கேள்வி. சொல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், இடம் தவறி வைத்தது இடம் தவறியதே.

ஆகவே, ஒருவரைத் தகுதியற்றவர் என்று சொல்ல நா எழும்போதெல்லாம், அத்தகுதியை அவரிடம் வளர்ப்பதற்கு நாம் எதைச் செய்தோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். செய்ய வேண்டியதைச் செய்தபின், அவர் வழி வேறு என்று தெரிந்தால், அதனை நேராகவும் அன்பாகவும் சொல்வோம். மாற்று வழியில் அவரோடு சிறிது தூரம் நடந்தும் செல்வோம். செய்யாதிருந்தால், தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டு, பாடத்தைத் தொடங்குவோம்.